நோதலும் நொந்துகொள்ளுதலும்: ‘மனச்சோர்வு’ என்னும் கலைச்சொல்லில் விடுபட்ட சினம்

1. முன்னுரை

‘டிப்ரஷன்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு நிகராக இந்திய மொழிகள் ஆக்கிக்கொண்ட கலைச்சொற்களிடையே ஓர் ஒற்றுமை காணப்படுகிறது. இந்தி ‘அவசாத்’ என்றும், மலையாளம் ‘விஷாதம்’ என்றும், வங்காளம் ‘பிஷண்ணதா’ என்றும் வழங்குகின்றன. இம்மூன்றும் அமர்தல், அமிழ்தல் எனப் பொருள்படும் ‘சத்’ என்னும் வடமொழி வினையடியினின்று பிறந்தவை. தெலுங்கில் வழங்கும் ‘குங்குபாடு’ அமிழ்ந்துபோதல் என்னும் பொருளது. கன்னடத்தின் ‘கின்னதெ’ துயருற்றுத் தளர்ந்த நிலையைக் குறிக்கும் வடமொழிச் சொல்லின் வழிவந்தது. தமிழில் நிலைபெற்றுள்ள ‘மனச்சோர்வு’ தளர்ச்சியைச் சுட்டுகிறது. கீழ்நோக்கிய இயக்கம் அல்லது ஆற்றல் குன்றிய நிலை என்னும் உருவகமே இச்சொற்கள் அனைத்திற்கும் அடிப்படையாகும். இவற்றுள் ஒன்றிலேனும் சினத்தின் சாயல் இல்லை.

ஆயின், இந்நோயைப் பற்றிய உளவியல் சிந்தனை நூறாண்டுகளுக்கும் மேலாகச் சினத்தையும் சேர்த்தே பேசிவருகிறது. சோர்ந்து கிடப்பவரின் உள்ளத்தில் வெளிப்படாத சினம் இருக்கக்கூடும் என்பதும், அச்சினம் அவர் மீதே திரும்பியிருக்கக்கூடும் என்பதும் அச்சிந்தனையின் முதன்மையான கருத்துகளுள் அடங்கும். இக்கருத்தைத் தமிழிற் கூறப் புகும் மொழிபெயர்ப்பாளர் ‘மனச்சோர்வு’ என்னும் சொல்லை மட்டும் கையில் கொண்டிருப்பாராயின், சோர்வுக்குள் சினம் எவ்வாறு இருத்தல் கூடும் என்னும் ஐயம் படிப்பவர்க்கு எழுவது இயல்பே. இவ்வையத்திற்குக் காரணம் கருத்தா, சொல்லாக்கமா என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. தமிழின் சொல்வளம் இவ்விரு உணர்வுகளின் உறவை முன்பே அறிந்திருக்கிறது என்பதும், கலைச்சொல்லாக்கம் அவ்வறிவைப் பயன்கொள்ளவில்லை என்பதும் இதன் கருதுகோளாகும்.

2. மூலநூலின் வாதம்

மனச்சோர்வுற்றோரிடம் காணப்படும் பகையுணர்வைக் கார்ல் ஆபிரகாம் 1911-ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். அதன்பின், சிக்மண்ட் பிராய்டு 1915-இல் எழுதி 1917-இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் நிலையான இடத்தைப் பெற்றது. அதன் தலைப்பைத் தமிழில் ‘துக்கமும் மெலங்கோலியாவும்’ எனலாம். மெலங்கோலியா என்பது கடுமையான மனச்சோர்வுக்கு அந்நாளில் வழங்கிய பெயர். தலைப்பின் முதற்சொல்லாகிய ‘டிரௌவர்’ என்னும் செருமானியச் சொல், இழப்பினால் உண்டாகும் உணர்வையும் அதன் புறவெளிப்பாட்டையும் ஒருங்கே குறிப்பது. ‘துக்க வீடு’, ‘துக்கம் விசாரித்தல்’ என்னும் வழக்குகள் உள்ள தமிழில் ‘துக்கம்’ என்னும் சொல் இவ்விருபொருளையும் தாங்குகிறது. எனவே ‘துயரம்’, ‘சோகம்’ என்பவற்றைவிட அதுவே இவ்விடத்திற்குப் பொருத்தமுடையது.

துக்கத்தில் உலகம் வறிதாகிறது. மெலங்கோலியாவில் ‘தான்’ என்பதே வறிதாகிறது. இவ்வேறுபாட்டிலிருந்து பிராய்டின் வாதம் தொடங்குகிறது. மெலங்கோலியா உற்றவர் தம்மை இழிந்தவர், பயனற்றவர், தண்டனைக்குரியவர் என ஓயாது பழித்துரைப்பார். தம்மை இழிந்தவராக உண்மையிலேயே கருதும் ஒருவர் நாணி ஒடுங்குவதே இயல்பு. இவரோ தம் குறைகளைப் பிறர் அறிய விரித்துரைக்கிறார். தமக்குப் பெருந்தீங்கு இழைக்கப்பட்டதுபோல நடந்துகொள்கிறார். அவருடைய தற்பழிப்புகளைப் பொறுமையுடன் கேட்போர்க்கு ஒன்று புலனாகும்: அவற்றுட் பல அவருக்குப் பொருந்துவன அல்ல, அவர் அன்பு செலுத்திய, அல்லது அன்பு செலுத்தியிருக்க வேண்டிய மற்றொருவர்க்கே சிறிய மாற்றங்களுடன் பொருந்துகின்றன. இழந்த அன்புக்குரியவரைத் தம்முள் ஏற்றுக்கொண்ட உள்ளம், அவர்மீது கொண்ட சினத்தைத் தன்மீதே செலுத்துகிறது என்பது பிராய்டின் முடிபு. ‘உள்நோக்கித் திரும்பிய சினம்’ எனப் பிற்காலத்தில் எளிமைப்படுத்தப்பட்ட கொள்கையின் மூலம் இதுவே.

3. முறையீடும் குற்றச்சாட்டும்

இவ்வாதத்தின் திருப்புமுனை செருமானிய மொழியின் ஒரு சொல்லிணையை நம்பியுள்ளது. ‘கிளாகெ’ என்பது புலம்பல். ‘அன்கிளாகெ’ என்பது குற்றச்சாட்டு. முதற்சொல்லின்முன் ஒரு முன்னொட்டுச் சேர்ந்தே இரண்டாஞ்சொல் பிறக்கிறது. தனித்து ஒலிக்கும் புலம்பலை அம்முன்னொட்டு ஒருவரை நோக்கித் திருப்புகிறது. மேலும், ‘கிளாகெ’ என்பதே நீதிமன்றத்தில் தொடுக்கப்படும் வழக்கையும் குறிக்கும். இச்சொற்களின் உறவைச் சுட்டிக்காட்டியே, நோயாளரின் புலம்பல் உண்மையில் குற்றச்சாட்டாகும் என்று பிராய்டு நிறுவுகிறார். மொழியிடமிருந்து பெற்ற சான்றை உளவியற் சான்றுடன் இணைக்கும் இடம் இது. ஆதலின் மொழிபெயர்ப்பாளர் இதனைக் கடப்பது எளிதன்று.

ஜேம்ஸ் ஸ்ட்ராச்சியின் பொதுப்பதிப்பில் 1957-இல் வெளிவந்த பதினான்காம் தொகுதி இவ்விடரை ‘பிளெயின்ட்’ என்னும் பழஞ்சொல்லைக் கொண்டு தீர்த்தது. இச்சொல் மார்பில் அடித்துக்கொண்டு அழுதலைக் குறித்த இலத்தீன் சொல்லின் வழிவந்து, பின்னர் வழக்குமன்ற முறையீட்டைக் குறிக்கலாயிற்று. இன்றைய பொது ஆங்கிலத்தில் அருகிய இச்சொல் இந்திய நீதிமன்றங்களில் அருகவில்லை. 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் வாதி தாக்கல் செய்யும் வழக்குரைக்கு இன்றும் இதுவே பெயர். இந்திய வாசகர்க்கு இம்மொழிபெயர்ப்பு இங்கிலாந்து வாசகரைவிடவும் நன்கு விளங்கக்கூடும்.

இந்திய மொழிகளில் இதற்கு நேரிய இணை ஒன்றும் உண்டு. துன்பத்தில் எழும் அபயக்குரலைக் குறித்த ‘ஃபர்யாத்’ என்னும் பாரசீகச் சொல் மராத்தி, குசராத்தி, தெலுங்கு, கன்னடம் முதலிய மொழிகளில் புகார், முறையீடு என்னும் பொருளில் வழங்குகிறது. தமிழில் அதுவே ‘பிராது’ ஆயிற்று. ஊர்ப் பஞ்சாயத்தில் பிராது கொடுப்பவர் தம் சொல்லின் பிறப்பு ஓர் அழுகுரல் என்பதை அறியார். எனினும் அழுகை வழக்காக மாறிய வரலாறு அச்சொல்லில் பதிந்துள்ளது. ஆயின், பிராய்டின் இடத்தைத் தமிழாக்குவதற்குப் ‘பிராது’ முற்றும் உதவாது. புலம்பல் என்னும் மூலப்பொருள் தமிழில் அதற்கு இல்லை. சொல்லும் இன்று வழக்கொழிந்துவருகிறது. தமிழிலேயே வேரூன்றிய வேறொரு சொல்லை நாடவேண்டியுள்ளது.

4. ‘நோ’ என்னும் வினையடி

‘நோ’ என்னும் வினையடி இவ்வகையில் தனிக்கவனம் பெறத்தக்கது. அதன் வழக்குகளைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

(அ) உடல் வலி: ‘கால் நோகிறது.’
(ஆ) உள்ளத்துயர்: ‘மனம் நொந்தது’, ‘நொந்துபோனான்.’
(இ) பிறரைப் பழித்தல்: ‘அவனை நொந்து பயனில்லை’, ‘யாரை நோவது?’
(ஈ) தன்னையோ ஊழையோ உள்ளத்துள் பழித்தல்: ‘தன்னையே நொந்துகொண்டான்’, ‘விதியை நொந்துகொண்டாள்.’
(உ) பிறரை வருத்துதல்: ‘நோகடித்தான்.’

வலி, துயர், பழிப்பு, தற்பழிப்பு, வன்சொல்லால் வருத்துதல் ஆகிய ஐந்தும் ஒரே வினையடியில் அடங்கியுள்ளன. ‘வருந்து – வருத்து’, ‘திருந்து – திருத்து’ போன்ற இணைகளில் தன்வினை பிறவினையாகும்போது அடிச்சொல்லின் வடிவம் மாறுகிறது. ‘நோ’ அவ்வாறு மாறுவதில்லை. இரண்டாம் வேற்றுமை ஏற்ற பெயர் ஒன்று முன்வந்த அளவிலேயே துயர் பழிப்பாகிவிடுகிறது. செருமானியத்தில் முன்னொட்டுச் செய்யும் பணியைத் தமிழில் வேற்றுமையுருபு செய்கிறது எனலாம். ‘நொந்தான்’ என்பதற்கும் ‘அவளை நொந்தான்’ என்பதற்கும் உள்ள தொலைவு ‘ஐ’ உருபின் தொலைவே.

நான்காம் வகை மேலும் நுட்பமானது. ‘கொள்’ என்னும் துணைவினை, செயலின் பயனோ விளைவோ செய்பவனையே சேர்தலைக் குறிப்பது. ‘விதியை நொந்துகொண்டாள்’ என்னும் தொடரில் பழிக்கப்படும் பொருள் வெளியே உள்ளது. பழிப்போ உள்ளேயே நிகழ்கிறது. ‘குற்றஞ்சாட்டினாள்’ என்பதற்குக் கேட்போர் வேண்டும். ‘நொந்துகொண்டாள்’ என்பதற்குக் கேட்போர் வேண்டியதில்லை. கேட்போர் இல்லாத குற்றச்சாட்டு என்பதே அதன் பொருள் எனின் அது மிகையாகாது. உரியவரிடம் சொல்லப்படாத சினம் தன்னிடமே தங்கிவிடும் நிலையைப் பிராய்டு பல பக்கங்களில் விளக்குகிறார். அந்நிலையைத் தமிழ் தன் துணைவினை ஒன்றினால் குறித்துவிடுகிறது.

ஆகவே, அக்கட்டுரையைத் தமிழாக்குவோர் முதற்சொல்லுக்கு ‘நோவு’ என்னும் பெயரையும், இரண்டாஞ்சொல்லுக்குச் செயப்படுபொருள் ஏற்ற ‘நோதல்’ என்னும் வினையையும், தற்பழிப்புக்கு ‘நொந்துகொள்ளுதல்’ என்பதையும் ஆளலாம். ‘புலம்பல் – குற்றச்சாட்டு’ எனத் தொடர்பற்ற இரு சொற்களை இட்டு, அடிக்குறிப்பில் செருமானியச் சொற்களின் உறவை விளக்கும் முறையைவிட இது சிறந்தது. அடிக்குறிப்பு மூலமொழியின் சிறப்பை வாசகர்க்கு அறிவிக்கும். ‘நோ’ அச்சிறப்பை வாசகரின் மொழியிலேயே நிகழ்த்திக் காட்டும்.

5. அகராதிகள் தரும் சான்று

‘நோ’ தனித்த எடுத்துக்காட்டன்று. ‘துனி’ என்னும் சொல்லுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் சினம், துன்பம் ஆகிய இரு பொருளையும் தருகிறது. அகப்பொருள் மரபில் துனி என்பது புலவியின் முதிர்ந்த நிலை. குறளுக்கு உரைகண்ட பரிமேலழகர் புலவியை இளைய பிணக்காகவும் துனியை முதிர்ந்த பிணக்காகவும் வேறுபடுத்துவார். அன்புக்குரியவர்மீது எழுந்த சினம் தணியாது நீடிக்குமாயின் அது துன்பமாகவே உறையும் என்னும் அறிவு இப்பொருள் விரிவின் அடியில் இருத்தல் கூடும். வடமொழியின் ‘மன்யு’ என்னும் சொல்லும் வெகுளியைக் குறிப்பதோடு துயரையும் குறிக்கும். ஆங்கிலத்தில் சினத்தைக் குறிக்கும் ‘ஆங்கர்’ என்பது பழைய நோர்சு மொழியில் துயரைக் குறித்த சொல்லினின்று வந்தது. செருமானியத்தில் துயர் எனப் பொருள்படும் ‘கிராம்’ என்பதன் இனச்சொல் டச்சு மொழியில் சினம் என்னும் பொருளது.

‘மெலங்கோலியா’ என்னும் கிரேக்கச் சொல்லோ ‘கரும்பித்தம்’ எனப் பொருள்படும். பித்தத்தைக் குறிக்கும் ‘கோலெ’ என்பதன் இனச்சொல்லே கிரேக்கத்தில் சினத்தையும் குறித்தது. நோயின் பழம்பெயரிலேயே சினத்தின் உறைவிடம் இருந்தது. இவ்விடத்தில், கறுப்பு, சிவப்பு ஆகிய இரு சொற்களும் வெகுளிப்பொருளில் வரும் எனத் தொல்காப்பிய உரியியல் கூறுவது நினைக்கத்தக்கது. நீடித்த உட்பகையைக் குறிக்கும் ‘கறுவு’ என்னும் சொல் இன்றும் வழக்கில் உள்ளது. கிரேக்கக் கருமைக்கும் தமிழ்க் கறுப்புக்கும் வரலாற்றுத் தொடர்பு கற்பித்தல் கூடாது. எனினும், சிவந்து வெளிப்படும் சினத்துடன் கறுத்து உறையும் சினமும் உண்டு என்னும் பாகுபாட்டைத் தமிழ் வழக்கு அறிந்திருந்தது எனக் கொள்வதற்கு இடமுண்டு.

பல்வேறு மொழிகளில் இப்பொருள் உறவு தனித்தனியே தோன்றியிருப்பது பொருண்மையியலார் கருதத்தக்கது. ஆயின், ஒரு சொல்லுக்கு இரு பொருள் இருப்பதால் அப்பொருள்கள் சுட்டும் இரு உணர்வுகளும் ஒன்றாகிவிடா. சொற்பொருள் வரலாறு மருத்துவச் சான்றாகாது. மக்கள் இவ்விரண்டையும் அடுத்தடுத்துக் கண்டனர் என்பதற்கு மட்டுமே அது சான்று.

6. துயரம் வழக்காதல்

சோர்வுக்கு எதிர்நிலையில் நிற்கும் இலக்கியச் சான்று ஒன்று இவ்வுறவை மேலும் தெளிவாக்கும். சிலப்பதிகார மதுரைக் காண்டத்தில் கோவலன் கொலைக்குப் பின்வரும் பகுதிகளுட் சிலவற்றின் பெயர்கள் முறையே துன்பமாலை, ஊர்சூழ்வரி, வழக்குரை காதை, வஞ்சினமாலை, அழற்படு காதை என அமைந்துள்ளன. துன்பம் முதலில் ஊரார் முன் புலப்படுத்தப்படுகிறது. பின்னர் அரசன் முன் வழக்காகிறது. அதன் பின்னரே வஞ்சினமும் அழலும் வருகின்றன. பெயர்களின் வரிசையே துயர் சினமாகும் வழியைக் காட்டுகிறது. அவ்வழியின் நடுவில் நிற்பது ‘வழக்குரை’.

கண்ணகியின் துயர் சோர்வில் முடியாமைக்குக் காரணங்கள் பல கூறலாம். அவற்றுள் ஒன்று, அவள் துயருக்குக் கேட்போர் இருந்தமை ஆகும். அவளுக்கு ஓர் அவை கிடைத்தது. சான்றாகச் சிலம்பு கிடைத்தது. தன் தவற்றை ஏற்று உயிர்விட்ட அரசன் ஒருவன் இருந்தான். இவை வாய்க்காதவர் நொந்துகொள்வர். தமிழகத்து ஒப்பாரியிலும் இறந்தவர்க்கான அழுகையினூடே பிறந்தகத்தார்மீதும் புகுந்தகத்தார்மீதும் உள்ள மனக்குறைகள் வெளிப்படுதலை நாட்டார் வழக்காற்றியலார் எடுத்துக்காட்டியுள்ளனர். வேறிடத்தில் சொல்லவியலாத பழிப்புகளை அழுகையின் வடிவில் சொல்ல இசைவளிக்கும் அவையாக அச்சடங்கு விளங்குகிறது. இவை நோயைப் பற்றிய சான்றுகள் அல்ல. நோய்க்கு வெளியே, துயரும் சினமும் ஒன்றற்கொன்று வழிவிடும் முறையைக் காட்டும் சான்றுகள்.

7. மருத்துவமனையில் மொழிபெயர்ப்பு

இவ்வாய்வு ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. மனச்சோர்வைக் கண்டறியும் வினாநிரல்கள் இந்திய மொழிகளில் பெயர்க்கப்பட்டுப் பயன்படுகின்றன. ஆரோன் பெக் 1961-இல் உருவாக்கிய அளவையில் எரிச்சலைப் பற்றிய வினா உண்டு. 2001-இல் வெளியிடப்பட்டுப் பரவலாக வழங்கும் ஒன்பது வினாக்கள் கொண்ட நிரலில் அது இல்லை. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேடு, 1994-ஆம் ஆண்டுப் பதிப்பிலும் 2013-ஆம் ஆண்டுப் பதிப்பிலும், குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினர்க்கும் துயர மனநிலைக்கு மாற்றாக எரிச்சல் மனநிலையை ஏற்கிறது. வளர்ந்தோர்க்குரிய அளவைகளில் அம்மாற்று இடம்பெறவில்லை.

மௌரீசியோ ஃபாவா, ஜெரால்ட் ரோசன்பாம் முதலியோர் 1990 முதல் வெளியிட்ட ஆய்வுகளில் மனச்சோர்வுற்ற புறநோயாளருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரிடம் திடீர்ச் சினத்தாக்குகள் காணப்பட்டன. சூழலுக்குப் பொருந்தாத அளவில் சினம் எழுதல், நெஞ்சு படபடத்தல், வியர்த்தல், பின்னர்த் தம் செயலுக்காக வருந்துதல் ஆகியவை அவற்றின் இயல்புகள். மனச்சோர்வுக்குரிய மருந்து பெற்ற பின்னர் அவர்களுட் பாதிக்கு மேற்பட்டோரிடம் அத்தாக்குகள் மறைந்தன. சினம் எப்பொழுதும் உள்நோக்கியே திரும்பும் என்னும் எளிய கொள்கைக்கு இம்முடிவுகள் பொருந்தவில்லை. அது வெளிநோக்கியும் பாய்கிறது. பிராய்டு விளக்கியது பல வழிகளுள் ஒன்று எனக் கொள்வதே தகும். எல்லா மனச்சோர்வும் சினமுடையதன்று. எல்லாச் சினமும் மனச்சோர்வின் விளைவும் அன்று.

இந்நிலையில் மொழிபெயர்ப்பாளரின் சொல்தேர்வு விளைவுடையதாகிறது. ‘மனச்சோர்வு உண்டா?’ என வினவப்படும் ஒருவர் நாள்தோறும் வீட்டாரிடம் சீறி விழுபவராக இருப்பின், தம்மிடம் சோர்வில்லை என்றே விடையளிப்பார். அவரைச் சுற்றியுள்ளோர் ‘கோபக்காரர்’ என்பர். ‘சோர்வு’ நிலையைக் குறிக்கும் சொல்; ‘கோபக்காரர்’ குணத்தைக் குறிக்கும் சொல். நிலைக்கு மருத்துவம் உண்டு. குணத்திற்கு இல்லை என்பது பொதுமக்கள் கருத்து. இவ்வாறு ஒரே நோயுடைய இருவருள் ஒருவர் நோயாளராகவும் மற்றவர் தீக்குணத்தாராகவும் கொள்ளப்படும் நிலை உண்டாகிறது.

எரிச்சல் பற்றிய வினாவும் இடருடையது. ‘எரிச்சல்’ என்பது தமிழில் உடலெரிவையும் சினத்தின் தொடக்கநிலையையும் குறிக்கும். மருத்துவரின் முன் அமர்ந்திருப்பவர் ‘எரிச்சல் இருக்கிறதா?’ என்பதை வயிற்றைப் பற்றிய வினாவாகவோ கண்ணைப் பற்றிய வினாவாகவோ கொள்ளுதல் இயல்பு. ‘வயிற்றெரிச்சல்’ என்பதோ பொறாமையையும் ஆற்றாமையையும் குறித்து வேறு திசைக்கு இட்டுச்செல்லும். ‘சிடுசிடுப்பு’ என்பது முகக்குறிப்பையும் பேச்சையும் சார்ந்தது. வாய்திறவாது உள்ளே புழுங்குபவரை அது தொடாது. இங்குப் பெயர்ச்சொற்களைவிட வினைச்சொற்கள் உதவும். ‘சிறியவற்றிற்கெல்லாம் சினம் வருகிறதா?’, ‘சினந்தபின் உங்களையே நொந்துகொள்கிறீர்களா?’, ‘யாரிடமும் சொல்லாமல் உள்ளுக்குள் புழுங்குகிறீர்களா?’ என்னும் வினாக்கள் மூன்று வேறு நிலைகளைப் பிரித்துக் காட்டவல்லன. இவை முன்மாதிரிகளே. நோயாளரிடம் சோதித்தறிந்த பின்னரே எந்த வினாவையும் நிரலில் சேர்த்தல் வேண்டும்.

‘மன அழுத்தம்’ என்னும் மற்றொரு சொல்லையும் இங்குக் கருதவேண்டும். கீழே அழுத்துதல் என்னும் இலத்தீன் மூலத்திற்கு அது சோர்வைவிட நெருக்கமானது. உணர்வை வெளிக்காட்டாத பிடிவாதத்தைக் குறிக்கும் ‘நெஞ்சழுத்தம்’, ‘அழுத்தக்காரர்’ என்னும் வழக்குகள் அதற்கு அண்மையில் இருப்பதால், உள்ளே அடக்கப்பட்ட ஒன்று உண்டு என்னும் குறிப்பையும் அது தரவல்லது. ஆயின், ‘ஸ்ட்ரெஸ்’ என்பதற்கும் அச்சொல்லே வழங்குவதால் இரு கருத்துகளும் மயங்குகின்றன. கலைச்சொல்லுக்கு இம்மயக்கம் பெருங்குறை. எனவே ‘மனச்சோர்வு’ என்பதே நிலைத்தல் நன்று. நிலைபெற்ற சொல்லை மாற்ற முயலுதல் புதிய குழப்பத்திற்கே வழிகோலும்.

8. முடிவுரை

கலைச்சொல் ஒரு கருத்தின் எல்லாக் கூறுகளையும் தாங்குதல் இயலாது. அது தாங்காத கூறுகளை வரையறையும் வினாவும் எடுத்துக்காட்டும் தாங்கவேண்டும். ‘மனச்சோர்வு’ என்னும் பதிவுக்குக் கலைச்சொல் அகராதிகள் தரும் விளக்கத்தில், ஊக்கமின்மை, துயரம், தூக்கக் குறைவு ஆகியவற்றோடு சினமும் தற்பழிப்பும் இடம்பெறுதல் வேண்டும். உளப்பகுப்பாய்வு நூல்களைத் தமிழாக்குவோர் ‘நோ’ என்னும் வினையடியின் வளத்தைப் பயன்கொள்ளுதல் வேண்டும். பிற இந்திய மொழிகளில் ‘நோ’, ‘துனி’ போன்று துயரையும் சினத்தையும் ஒருங்கே தாங்கும் வட்டாரச் சொற்களைத் தொகுத்து ஒப்பிடுதல் மொழியியலார் மேற்கொள்ளத்தக்க பணியாகும். ஆட்சி மொழிகளின் அகராதிகளோடு நில்லாமல் பழங்குடி மொழிகளின் வழக்குகளையும் அத்தொகுப்பு கொள்ளுமாயின் அதன் பயன் பெருகும்.

நோயாளர் தம் நிலையைக் கூற வரும்பொழுது கலைச்சொல்லுடன் வருவதில்லை. ‘நொந்துபோய்விட்டேன்’ என்றே பெரும்பாலும் தொடங்குவர். அச்சொல்லில் வலி, துயர், பழிப்பு ஆகிய மூன்றும் உள்ளன. அதனைச் ‘சோர்வு’ என ஒரு சொல்லாற் பெயர்த்து எழுதிக்கொள்ளுமுன், யாரை நொந்து, எதற்காக நொந்து என்னும் இரு வினாக்களைக் கேட்கச் செய்வதே நல்ல மொழிபெயர்ப்பின் பணியாகும்.